எக்ஸ்ரே தந்த பாலிடெக்னிக் மாணவர்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, எனக்குக் கவிதை வராது, ஜோக் எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று சொல்லி நழுவப் பார்த்தேன். அவர் விடவில்லை. அப்போதுதான் போன மார்கழியில் எங்கள் வீட்டில் நடந்த விஷயம் ஞாபகம் வந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் கூடவே ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையையும் சொல்லியாக வேண்டும். அவரும் ஒரு காலத்தில் பாலிடெக்னிக் மாணவர், அதுவும் மெக்கானிக்கல் என்பது நமக்கெல்லாம் கூடுதல் சந்தோஷம்.

நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ஊர் ஆரணி. அப்பாவுக்குப் பட்டு நெசவு. எங்கள் வீட்டுக் கூடத்திலேயே குழித்தறி இருக்கிறது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தத் தறிச் சத்தத்தில்தான் கண் விழிக்கிறேன். போன மார்கழியில் அந்தச் சத்தம் திடீரென்று நின்றுபோனது. அப்பாவுக்கு இருமல், காய்ச்சல், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. எழுந்து உட்காரவே தெம்பு இல்லை. ஆட்டோவில் ஏற்றி ஓர் இடத்துக்குக் கொண்டுபோனோம். நிற்க முடியாத நிலை என்பதால் படுக்க வைத்தே நெஞ்சில் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். அங்கே இருந்த ஒருவர் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஹார்ட் பெருசா இருக்குப்பா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். கால் நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அம்மா பீரோவைத் திறந்து இருக்கிற நகையை எண்ணிப் பார்த்தார். தறியில் முக்கால் சேலை நின்றுகொண்டிருந்தது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் வேறு பாக்கி. இந்தச் சேலையை மட்டும் நெய்து முடிச்சு அறுத்துக் கொடுத்திட்டா போதும் என்று அப்பா முனகினார். தங்கை அழுதாள். நான் அழவில்லை. ஆனால் படிப்பை நிறுத்திவிட்டு ஏதாவது கம்பெனியில் சேர்ந்துவிடுவது என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைப் படித்துத்தான் என் நண்பர்களுக்கே தெரியப் போகிறது.

மூன்றாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் விட்டது. கண்ணமங்கலம் வழியாகப் போகும் பஸ்ஸில் அப்பாவை வேலூருக்கு அழைத்துப் போனோம். அங்கே ஒரு மருத்துவமனையில் டாக்டர் அந்தப் பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினார். நோய் என்ன என்று சொல்லவில்லை. முதலில் ஒரு கேள்விதான் கேட்டார். இதை நிற்க வைத்து எடுத்தார்களா, படுக்க வைத்தா? படுக்க வைத்து என்றோம். அப்படியானால் இன்னொன்று எடுக்கணும் என்று எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினார்.

அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சுவரில் ஒரு படம் பார்த்தேன். நீளத் தாடி, தூக்கி வாரிய தலைமுடி, சிரிக்காத முகம். கீழே ராண்ட்ஜன் என்று எழுதியிருந்தது. பிளஸ் டூ படித்தவர்களுக்கும் டிப்ளமோ முதல் வருஷம் இயற்பியல் படித்தவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியும். எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தவர், ஒரு மார்க் கேள்வி. அதற்கு மேல் எனக்கும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வீடு திரும்பிய பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். அப்பாவின் பிலிம் கதை எப்படி முடிந்தது என்பதைச் சொல்வதற்கு முன் அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே கதை மாதிரிதான் எனக்குப் படுகிறது.

ஜவுளி ஊர்ப் பிள்ளை

வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன் 1845-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி ஜெர்மனியில் லெனப் என்ற சிறிய ஊரில் பிறந்தார். அது கம்பளித் துணிக்குப் பேர் போன ஊர். அப்பாவுக்குத் துணித் தொழில், துணி வியாபாரம். வீட்டுக்கு ஒரே பிள்ளை. நம் ஊர் பட்டு, அவர் ஊர் கம்பளி. தறிச் சத்தம் இரண்டு ஊருக்கும் பொது என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு மூன்று வயது ஆனபோது, 1848-ல், குடும்பம் ஹாலந்து நாட்டில் ஆப்பல்டோர்ன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. பையன் படிப்பில் பெரிய புலி என்று யாரும் சொல்லவில்லை. காடு மேடு சுற்றுவதில் ஆசை, கையால் ஏதாவது கருவி செய்து பார்ப்பதில் ஆசை. அந்தக் கைவேலைதான் பிற்பாடு அவரைக் காப்பாற்றியது.

1862-ல் உட்ரெக்ட் நகரத் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். அங்கேதான் விதி விளையாடியது. வகுப்பில் யாரோ ஒரு மாணவன் வாத்தியாரைக் கேலிச்சித்திரமாக வரைந்துவிட்டான். வாத்தியார் உள்ளே வரும்போது ராண்ட்ஜன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். யார் வரைந்தது என்று கேட்டதற்கு இவர் வாயைத் திறக்கவில்லை. நண்பனைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. கண்ணால் பார்த்ததை வைத்து முடிவு பண்ணி, 1863-ல் பள்ளியை விட்டே அனுப்பிவிட்டார்கள். பள்ளிச் சான்றிதழ் போச்சு. சான்றிதழ் இல்லாமல் பல்கலைக்கழகத்தில் முறையான மாணவராகச் சேர முடியாது. உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச நாள் வெளி ஆளாக உட்கார்ந்து பாடம் கேட்டார்.

அப்போது யாரோ ஒரு வழி சொன்னார்கள். ஸ்விட்சர்லாந்தில் ஜூரிச் பாலிடெக்னிக்கில் பள்ளிச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் தகுதி பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். 1865-ல் அங்கே போய் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தார். 1868-ல் இன்ஜினியர் டிப்ளமோ வாங்கினார். அந்த பாலிடெக்னிக் நம்முடையது மாதிரி அல்ல, மிகப் பெரிய உயர்கல்வி நிலையம், இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சார் திட்டுவார். இருந்தாலும் வேறு கதவெல்லாம் மூடியபோது அவருக்குத் திறந்த கதவின் பெயர் பாலிடெக்னிக். அதை மறக்கக் கூடாது.

ஜூரிச்சில் கிளாசியஸ் என்ற பெரிய விஞ்ஞானியிடம் பாடம் கேட்டார். தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தில் நம்மைப் படுத்தி எடுக்கிற அதே கிளாசியஸ்தான். குண்ட் என்ற இயற்பியல் பேராசிரியர் இவருடைய கைத்திறனைப் பார்த்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். 1869-ல் டாக்டர் பட்டம். அங்கே ஒரு காபிக் கடை நடத்திய குடும்பத்தின் பெண் அன்னா பெர்த்தாவைப் பிடித்துப்போய், 1872-ல் திருமணம். பெண் ஆறு வயது மூத்தவர். அந்தக் காலத்தில் அதற்கும் துணிச்சல் வேண்டும். குழந்தை இல்லை. பெர்த்தாவின் சகோதரர் மகளை 1887-ல் வீட்டுக்கு அழைத்து வந்து மகளாக வளர்த்தார்கள்.

மறுத்த இடமே அழைத்தது

குண்ட் வேலை மாற்றி ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது உதவியாளராக ராண்ட்ஜனும் போனார். அங்கே ஆசிரியராகும் தகுதி கேட்டார். கிடையாது என்றார்கள். காரணம் அந்தப் பழைய பள்ளிச் சான்றிதழ். டாக்டர் பட்டம் கையில் இருக்கிறது, ஆனால் செய்யாத தப்புக்குப் பத்து வருஷம் முன் கிடைத்த தண்டனை கூடவே வருகிறது. யோசித்துப் பாருங்கள், நம்மில் எத்தனை பேர் அத்தோடு சோர்ந்துபோயிருப்போம்?

அவர் சோர்ந்துபோகவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் போனார், 1874-ல் அங்கே ஆசிரியர் தகுதி கிடைத்தது. 1879-ல் கீஸன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1888-ல் யார் அழைத்தார்கள் தெரியுமா? அதே வூர்ஸ்பர்க்! அன்று உதவியாளராக இருந்து மறுக்கப்பட்டவர் இப்போது இயற்பியல் துறைக்குத் தலைவர். 1894-ல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவர்.

1895 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை சாயந்திரம். ராண்ட்ஜன் ஆய்வுக்கூடத்தில் தனியாக இருந்தார். காற்றை வெளியே இழுத்துவிட்ட கண்ணாடிக் குழாய்க்குள் உயர்ந்த மின்னழுத்தத்தில் மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கிற சோதனை. வெளிச்சம் துளிகூட வெளியே வராதபடி குழாயைக் கறுப்பு அட்டையால் மூடி, அறையையும் இருட்டாக்கிவிட்டார். அப்போது கொஞ்சம் தள்ளி, பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய ஒரு திரை மினுக் மினுக்கென்று ஒளிர்ந்தது. குழாயை நிறுத்தினால் ஒளி இல்லை. மறுபடி போட்டால் ஒளி. அட்டையைத் தாண்டி ஏதோ ஒன்று வருகிறது. அது என்ன என்று தெரியாது. தெரியாததற்கு நாம் கணக்கில் எக்ஸ் என்று வைப்போம் இல்லையா, அதே மாதிரி எக்ஸ் கதிர் என்று பெயர் வைத்தார்.

இனிமேல் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. வேறு யாராவது இருந்தால் அன்றைக்கே ஊரைக் கூட்டியிருப்பார்கள். ராண்ட்ஜன் ஏழு வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலேயே சாப்பாடு, தூக்கம். காகிதத்தை வைத்துப் பார்த்தார், மரத்தை வைத்துப் பார்த்தார், ஆயிரம் பக்கப் புத்தகத்தை வைத்துப் பார்த்தார், அலுமினியத் தகடு, ஈயத் தகடு எல்லாம் வைத்துப் பார்த்தார். எது எவ்வளவு மறைக்கிறது என்று குறித்துக்கொண்டார். ஒன்றரை மில்லிமீட்டர் ஈயம் கதிரை ஏறக்குறைய முழுசாக நிறுத்திவிடுகிறது என்று கண்டார். தன் கையை நீட்டியபோது திரையில் எலும்பு நிழலாகத் தெரிந்தது. கண் ஏமாற்றுகிறதோ என்று அதையும் நம்பாமல், போட்டோ தட்டில் பதிவு செய்தார். டிசம்பர் 22-ஆம் தேதி மனைவியின் கையைத் தட்டின் மேல் வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார். விரல் எலும்பும் மோதிரமும் பதிவான அந்தப் படத்தைப் பார்த்து அந்த அம்மா பயந்துபோனதாகச் சொல்வார்கள்.

டிசம்பர் 28-ல் கட்டுரையைக் கொடுத்தார். 1896 ஜனவரி முதல் வாரத்திலேயே பத்திரிகைகளில் செய்தி. ஜனவரி 23-ல் வூர்ஸ்பர்க்கில் பேசியபோது, சபையில் இருந்த பெரியவர் கோலிக்கர் என்ற உடற்கூறியல் பேராசிரியரின் கையை அங்கேயே படம் எடுத்துக் காட்டினார். இனி இது ராண்ட்ஜன் கதிர் என்று பெயர் வைத்தவர் அந்தப் பெரியவர்தான்.

கையிலிருந்து நெஞ்சுக்கு

கை அசையாமல் இருக்கும், படம் எடுக்கலாம். இதயம் நிற்காதே! அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்கில் ஆகும். அதனால் முதலில் திரையில் நேரடியாகத்தான் நெஞ்சைப் பார்த்தார்கள். 1896-லேயே அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர் பிரான்சிஸ் வில்லியம்ஸ் நெஞ்சையும் இதயத்தையும் இப்படிப் பார்க்கத் தொடங்கி, 1901-ல் பெரிய புத்தகமே எழுதினார். குழாயும் தட்டும் மேம்பட மேம்பட நொடிக்குள் படம் வந்தது. 1919-ல் டான்ஸர் என்ற டாக்டர் ஓர் எளிய கணக்கைச் சொன்னார். படத்தில் இதயத்தின் அகலத்தை அள, நெஞ்சுக்கூட்டின் உள்அகலத்தை அள, வகுத்துப் பார். பெரியவர்களுக்கு விடை பாதிக்குள் இருந்தால் பொதுவாகச் சரி. இன்றைக்கும் இந்தக் கணக்கு நடைமுறையில் இருக்கிறது.

நம் மாநிலத்திலும் இந்த வித்தை சீக்கிரமே வேர் பிடித்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1934-ல் பர்னார்டு கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டது. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கியது. காசநோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959-ல் உலகத்துக்குச் சொன்ன ஆராய்ச்சி அங்கே நடந்ததுதான். அதற்கு நெஞ்சு எக்ஸ்ரேக்களும் சாட்சி சொல்லின.

நிழலை எப்படிப் படிப்பது?

இப்போது வேலூருக்கு வருகிறேன். எக்ஸ்ரே அறையில் இருந்த ரேடியோகிராபர் அண்ணன் நம்மை மாதிரி டிப்ளமோக்காரர்தான், ரேடியோகிராபி டிப்ளமோ. நான் பாலிடெக்னிக் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே உற்சாகம். உனக்கு இன்ஜினியரிங் டிராயிங் தெரியுமில்ல, அப்ப இது சுலபமா புரியும் என்று ஆரம்பித்தார்.

விளக்குக்கு முன்னால் கையை நீட்டினால் சுவரில் நிழல் விழும். கை சுவரை ஒட்டி இருந்தால் நிழலும் கை அளவு. கையை விளக்குப் பக்கம் கொண்டுபோனால் நிழல் பூதம் மாதிரி ஆகும். கை மாறவில்லை, இடம்தான் மாறியது. இதயம் நெஞ்சின் முன்பக்கம் இருக்கிறது. அதனால் ஆளை நிற்க வைத்து, நெஞ்சு தட்டை ஒட்டும்படி, முதுகுப் பக்கம் ஆறு அடி தள்ளிக் குழாயை வைத்து எடுப்பது வழக்கம். அப்போது இதயம் தட்டுக்குப் பக்கத்தில், குழாய்க்குத் தூரத்தில். படுக்க வைத்து எடுத்தால் எல்லாம் தலைகீழ். தட்டு முதுகுக்குக் கீழே, குழாய் நெஞ்சுக்கு மேலே, தூரமும் குறைவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிஜ இதயம் 12 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்கும் தட்டுக்கும் 180 சென்டிமீட்டர், இதயம் தட்டிலிருந்து 6 சென்டிமீட்டர். நிழல் 12-ஐ 180-ஆல் பெருக்கி 174-ஆல் வகுத்தது, சுமார் 12.4. படுத்த நிலையில் குழாய்க்கும் தட்டுக்கும் 100, இதயம் தட்டிலிருந்து 15 என்றால் 12-ஐ 100-ஆல் பெருக்கி 85-ஆல் வகுத்தது, சுமார் 14.1. நெஞ்சுக்கூடும் பெரிதாகத் தெரியும்தான், ஆனால் முன்பக்கம் இருக்கிற இதயம் அதைவிடக் கூடுதலாகப் பெரிதாகும். போதாததற்குப் படுத்திருப்பவர் மூச்சை முழுசாக இழுக்க மாட்டார். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் மேலே ஏறி இதயத்தை அகலவாக்கில் தள்ளிவிடும். ஒன்றும் இல்லாதவருக்குக்கூட இதயம் பெருத்த மாதிரி தெரியும்.

அதனால் இதயத்தைப் பார்ப்பதற்கு முன் படத்தையே முதலில் பரிசோதிக்கணும் என்றார் அண்ணன். பெயர் சரியா? வலது இடது குறி சரியா? ஆள் திரும்பாமல் நேராக இருந்தாரா? அதற்கு இரண்டு காறை எலும்பின் உள்முனையும் நடு முதுகெலும்பிலிருந்து சம தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சை நன்றாக இழுத்தாரா? பின்பக்கத்து விலா எலும்பு ஒன்பது, பத்து உதரவிதானத்துக்கு மேலே தெரிந்தால் சரி. இதெல்லாம் தேறின பிறகுதான் உள்ளே போகணும்.

இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் உள்ள இடத்தை டாக்டர்கள் மீடியாஸ்டினம் என்கிறார்கள். நாம் நடுநெஞ்சு என்று வைத்துக்கொள்வோம். இதயம், பெரிய ரத்தக் குழாய்கள், மூச்சுக்குழாய், உணவுக்குழாய், நிணநீர்க் கட்டிகள் எல்லாம் அங்கேதான் குடியிருப்பு. மேலே மூச்சுக்குழாய் கறுப்புப் பட்டையாக, ஏறக்குறைய நடுவில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், அந்தப் பக்கம் நுரையீரல் சுருங்கி இழுக்கிறதா, எதிர்ப்பக்கம் நீரோ காற்றோ சேர்ந்து தள்ளுகிறதா என்று யோசிக்க வேண்டும். நடுநெஞ்சு அகலமாகத் தெரிந்தால் கட்டியா, பெருந்தமனி வீக்கமா என்று தேடணும். கீழே இதயம். வலது ஓரம் வலது மேலறை. இடது ஓரத்தில் மேலிருந்து பெருந்தமனியின் வளைவு, நுரையீரல் தமனி, கீழே இடது கீழறை. இதயத்தின் மூன்றில் இரண்டு பங்கு இடது பக்கம் இருப்பது இயல்பு.

இதயத்துக்கு உள்ளே ஏன் அறை அறையாகத் தெரியவில்லை என்று கேட்டேன். ரத்தமும் தசையும் கதிரை ஒரே அளவில் மறைப்பதால் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியும் என்றார். இது எனக்கு உடனே பிடிபட்டது. பாவும் ஊடையும் ஒரே நிறம் என்றால் நெய்த பூ எடுப்பாகத் தெரியாது, நிறம் மாறுகிற இடத்தில்தான் கரை தெரியும். அதே மாதிரி காற்று நிறைந்த கறுப்பு நுரையீரலும் வெள்ளை இதயமும் சந்திப்பதால்தான் இதயத்துக்கு ஓரம் தெரிகிறது. நுரையீரலின் அந்தப் பகுதியில் சளியும் நீரும் நிறைந்துவிட்டால் அதுவும் வெள்ளையாகி, ஓரம் அழிந்துவிடும். 1950-ல் ஃபெல்சன் என்ற அமெரிக்க டாக்டர் இதை விளக்கி எழுதினார். எந்த ஓரம் அழிந்ததோ, அதை ஒட்டிய நுரையீரலில்தான் கோளாறு.

அண்ணன் விளக்கி முடிப்பதற்குள் அப்பாவின் இரண்டாவது படம் ரெடி. நிற்க வைத்து, கைத்தாங்கலாகப் பிடித்து, மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லி எடுத்தது. டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். என்னையே ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னார். முதல் படம், இதயம் 15, நெஞ்சு 27. பாதிக்கு மேல். இரண்டாவது, இதயம் 12.5, நெஞ்சு 28. பாதிக்குள்! எனக்குக் கை நடுங்கியது.

அப்புறம் டாக்டர் இதயத்தின் வலது ஓரத்தைக் காட்டினார். இடது ஓரம் கத்தியால் வெட்டினது போல் சுத்தமாக இருந்தது. வலது ஓரம் ஓர் இடத்தில் மட்டும் மங்கி அழிந்திருந்தது. பக்கத்து நுரையீரலின் நடுப்பகுதியில் நிமோனியா. முதல் படத்திலும் அது இருந்தது. பெரிய இதயத்தைப் பார்த்த கண் அந்தச் சின்ன ஓரத்தைப் பார்க்கவில்லை. நோய் இதயத்தில் இல்லை, ஆனால் நோய் எங்கே என்று காட்டிக்கொடுத்தது இதயத்தின் ஓரம்தான். எதற்கும் இருக்கட்டும் என்று எக்கோ பரிசோதனையும் செய்து, இதயம் நன்றாக இருப்பதை உறுதிப்படுத்தினார்கள். ஊசி, மாத்திரை, ஓய்வு. பொங்கல் கழிந்து தறிச் சத்தம் மறுபடி கேட்டது. அந்த முக்கால் சேலையும் முழுசாகி முதலாளி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

முதலில் பிலிம் பார்த்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. படம் பொய் சொல்லவில்லை. எப்படி எடுத்த படம் என்று கேட்காமல் அதைப் படித்ததுதான் பிசகு. ராண்ட்ஜன் பள்ளியில் கேலிச்சித்திரத்தோடு நின்றதைப் பார்த்து அவர்தான் வரைந்தார் என்று முடிவு கட்டினார்களே, அதுவும் இதே பிசகுதான். அதில் அடிபட்டதாலோ என்னவோ, அந்த மனிதர் தன் கண்ணால் கண்டதைக்கூட ஏழு வாரம் சோதித்த பிறகுதான் வெளியே சொன்னார்.

கடைசிக் காலம்

1900-ல் ராண்ட்ஜன் மியூனிக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே. பரிசுப் பணத்தை வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார். ஆமாம், ஒரு காலத்தில் தகுதி இல்லை என்று சொன்ன அதே இடத்துக்குத்தான். பிரபுப் பட்டம் தேடி வந்தது, வேண்டாம் என்றார். எக்ஸ் கதிருக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கோடீஸ்வரர். எடுக்காததால்தான் ஊர் ஊருக்கு எக்ஸ்ரே சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

மனைவி நீண்ட நாள் நோயில் கிடந்து 1919-ல் காலமானார். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் பணத்துக்கு மதிப்பே இல்லாமல் போக, அவருடைய சேமிப்பும் கரைந்தது. 1923 பிப்ரவரி 10-ஆம் தேதி, குடல் புற்றுநோயால், 77-ஆம் வயதில் மியூனிக்கில் இறந்தார். கீஸனில் மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். கடிதங்களையும் ஆய்வுக் குறிப்புகளையும் எரித்துவிடச் சொல்லியிருந்தார். அப்படியே செய்தார்கள்.

நண்பர்களே, நாளைக்கு நாமும் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். இது தேறும், இது தேறாது என்று நாம் சொல்கிற ஒரு வார்த்தையில் யாரோ ஒருவருடைய வேலையோ, உயிரோ, ஒரு வீட்டின் ராத்திரிச் சாப்பாடோ இருக்கும். அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன், எந்த நிலையில், எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தோம் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வோம். சந்தேகம் வந்தால் இன்னொரு முறை அளப்போம்.

எங்கள் வீட்டுப் பரணில் அந்த இரண்டு பிலிமும் ஒரே கவரில் இருக்கின்றன. முதல் படத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று அம்மா சொன்னார். நான்தான் வேண்டாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.